திரையில் பளிச்சென்று, தாளில் இருண்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மண்டபத்தில் திருமணப் புகைப்பட நிலையம் நடத்துகிறேன். கணினியில் பார்த்துப் பார்த்துத் திருத்திய படங்கள், மதுரை லேபிலிருந்து ஆல்பமாகி வரும்போது இருண்டு போகின்றன. மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் மஞ்சள் ஏறியிருக்கிறது. லேபில் கேட்டால், “நீங்கள் அனுப்பியதைத்தான் போட்டோம்” என்கிறார்கள். பிழை எங்கே?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: லேப்காரர்கள் சொல்வதை நம்பலாம் என்றே தோன்றுகிறது, ஏனெனில் தாங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. கடையிலிருந்து வரும் மானிட்டர்கள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 250 கேண்டெலா (வெளிச்சத்தின் அலகு) அல்லது அதற்கும் மேற்பட்ட வெளிச்சத்தோடும், சற்றே நீலம் கலந்த வெண்மையோடும் அமைந்திருக்கும். அச்சுக்கான படங்களைத் திருத்த 80 முதல் 120 கேண்டெலா போதும். மிகையாக ஒளிரும் திரையில் படமும் வெளுத்துத் தெரிவதால் நாம் அதைக் குறைக்கிறோம். வேட்டி நீலமாகத் தெரிவதால் மஞ்சளைக் கூட்டுகிறோம். அந்தத் திருத்தம்தான் அப்படியே தாளில் வந்து நிற்கிறது.

ஆகவே திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கலரிமீட்டர் என்ற கருவியை வாங்குவதற்கு முன்பு அறையைக் கவனியுங்கள். இருபுறமும் கடல் உள்ள மண்டபத்தில் நடுப்பகல் வெளிச்சம் சன்னல் வழியே கொட்டும்போது, யாராக இருந்தாலும் கை தானாகவே பிரைட்னஸைக் கூட்டிவிடும். இரவில் மஞ்சள் பல்பின் கீழ் அதே படம் வேறாகத் தெரியும். கனமான திரைச்சீலை போட்டு, பகலிலும் இரவிலும் ஒரே விளக்கில் வேலை செய்யுங்கள். நம் ஊர்க் கடைகளுக்குப் பிடித்த பச்சை, ரோஸ் நிறச் சுவர்கள் திருத்தும் அறைக்கு ஆகாது. சாம்பல் நிறம் உத்தமம்.

அதன் பிறகுதான் கலரிமீட்டர். கணினியை அரை மணி நேரம் ஓடவிட்டு, இரவில் திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ வசதியை அணைத்துவிட்டு, திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கருவி கண்ணாடியில் படிந்து நிற்குமாறு தொங்கவிடுங்கள். அதன் வயரில் உள்ள எடை மானிட்டரின் பின்புறம் தொங்கும். வெண்மையின் சாயலுக்கு 6500 கெல்வின், இடைநிலைச் சாயல்களின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் காமா 2.2, வெளிச்சம் 100 கேண்டெலா என்று இலக்கு கொடுத்தால், மென்பொருள் நிறக்கட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, தான் அனுப்பிய நிறத்துக்கும் கருவி கண்ட நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஐ.சி.சி. புரொஃபைல் என்னும் கோப்பாக எழுதி வைக்கும். முடிந்தபின் திரை மங்கலாகவும் பழுப்பேறியும் தோன்றும். பதற வேண்டாம், கண் விரைவில் பழகிவிடும். பிரைட்னஸ் பொத்தானை மட்டும் அதன்பின் யாரும் தொடக் கூடாது, தொட்டால் அந்தப் புரொஃபைல் பொய்யாகிவிடும். ஆல்பம் முழுவதையும் அனுப்புமுன் ஒரே ஒரு படத்தை, லேபின் தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று சொல்லி, அச்சிட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது சாதாரண லேப்டாப். கருவி இல்லாமல், கண்ணால் பார்த்தே சரிசெய்ய முடியாதா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: பாதி முடியும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை போகும் சாம்பல் படிப்பட்டை ஒன்றைத் திறந்து (கறுப்பு 0, வெள்ளை 255), 0-க்கும் 10-க்கும், 245-க்கும் 255-க்கும் இடையே வேறுபாடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் மணமகன் கோட்டின் மடிப்பும் மல்லிகைச் சரத்தின் இதழ்களும் உங்களுக்குத் தெரியாமலேயே அழிந்துகொண்டிருக்கின்றன. விண்டோஸிலேயே உள்ள வண்ணச் சரிசெய்தல் வசதி இந்த அளவுக்கு உதவும். வெண்மையைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது. எதிரே நீலம் இருந்தாலும் மஞ்சள் இருந்தாலும், சிறிது நேரத்தில் அதையே வெள்ளை என்று கண் ஏற்றுக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விலை குறைந்த லேப்டாப் திரைகள் பலவற்றால் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொதுவான நிறத்தொகுப்பின் வண்ணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்ட முடிகிறது. திரையால் காட்ட இயலாத நிறத்தை எந்தக் கருவியும் கொண்டுவந்து தராது: மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற நீரின் பச்சைநீலமும் அரக்குப் பட்டும் அதில் சப்பென்றுதான் இருக்கும். ஐ.பி.எஸ். வகை (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத) மானிட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி இணைப்பதே நல்ல செலவு. கலரிமீட்டரை நான்கைந்து ஸ்டூடியோக்காரர்கள் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு திரைக்கு எழுதிய புரொஃபைல் அடுத்த திரைக்கு உதவாது. ஆர்கில்சி.எம்.எஸ். என்னும் இலவச மென்பொருள் பல கருவிகளோடு இயங்குகிறது.

கேள்வி: தனுஷ்கோடியில் எடுத்த பூநாரைப் படங்களை ‘அடோபி ஆர்.ஜி.பி.’யில் சேமிக்கிறேன். என் கணினியில் இளஞ்சிவப்பாக இருக்கும் சிறகு, நண்பர்களுக்கு அனுப்பினால் சோகை பிடித்தாற்போல் தெரிகிறதே? எத்தனை நாளுக்கு ஒருமுறை திரையை அளக்க வேண்டும்?
– ஒரு வாசகர், ராமேஸ்வரம்

பதில்: 1998-இல் வந்த அடோபி ஆர்.ஜி.பி., 1996-இல் வந்த எஸ்.ஆர்.ஜி.பி.யைவிட அகலமான வண்ண வெளி, அதாவது கூடுதல் நிறங்களைக் கொள்ளும் நிறத்தொகுப்பு. புரொஃபைலைப் படிக்காத செயலிகள் அந்த எண்களை எஸ்.ஆர்.ஜி.பி. என்றே எடுத்துக்கொள்வதால் நிறம் வெளிறுகிறது. அனுப்பும் பிரதியை மட்டும் எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றிச் சேமியுங்கள். மாற்றுதலும் புரொஃபைலை வெறுமனே ஒட்டுதலும் ஒன்றல்ல. ஒட்டினால் சோகை உங்கள் கணினியிலேயே தெரிந்துவிடும். மூலத்தை ரா (கேமரா பதப்படுத்தாத) கோப்பாக எடுத்துவிட்டால் கேமராவில் உள்ள வண்ண வெளி அமைப்பால் பாதிப்பில்லை.

மாதம் ஒருமுறை அளந்தால் போதும். உப்புக்காற்று அடிக்கும் ஊர் என்பதால், கருவியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். பழைய மாதிரிகள் சிலவற்றின் வண்ண வடிகட்டிகள் ஈரத்தால் நாளடைவில் கெட்டுப்போவதுண்டு. விலை மலிவு என்று அவற்றை செகண்ட் ஹேண்டில் வாங்க வேண்டாம்.