ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘தி மெக்கானிக்’ படத்தின் 1972 வடிவத்தையும் 2011இல் வந்த மறு ஆக்கத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். கூலிக்கொலைகாரரான ஆர்தர் பிஷப், தான் கொன்ற குடும்ப நண்பரின் மகனையே சீடனாகச் சேர்த்துக்கொள்வது ஏன் என்று விளங்கவில்லை. பழைய படத்தின் தொடக்கம் இழுவையாக இருந்ததால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டேன். புதியதில் மகன் பழிவாங்க முனைவதால் கதை பொருந்தி வருகிறது. சார்லஸ் பிரான்சன், ஜேசன் ஸ்டேத்தம் இருவரில் யார் சிறந்தவர்? இதைப் போன்ற ஐந்து படங்களைச் சொல்ல முடியுமா?

ர., திருநெல்வேலி

அன்புள்ள ர.,

ஒரு தொழிலைக் கற்க வருபவன் ஆசானிடமிருந்து உண்மையில் எதை எடுத்துக்கொண்டு போகிறான் என்று சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அந்த நேரம் பார்த்து வந்தது. யார் சிறந்தவர் என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. பட்டியல் போடும் வேலையும் எனக்கு வராது.

ஆனால் அந்த ஒன்றரை மடங்கு வேகத்துக்காக உங்களைத் திட்டாமல் விட முடியாது. அந்தத் தொடக்கத்தில் ஏறத்தாழ கால் மணி நேரம் ஒருவரும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. கொல்லப்பட வேண்டியவரின் வீட்டுக்கு எதிரே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, அவருடைய அறையைப் படம் படமாக எடுத்துச் சுவரில் குத்திவைத்து, அவற்றின் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார் பிஷப். எரிவாயு அடுப்பு, தேநீர், அலமாரியிலிருக்கும் ஒரு புத்தகம் ஆகியவை ஒன்றோடொன்று கோக்கப்பட்டு விபத்தாக மாறுவது அந்தப் பார்வையிலிருந்துதான். இயக்குநர் மைக்கேல் வின்னர் அங்கே காட்டுவது கொலையைவிட அதிகமாக, வேலை தெரிந்த ஒருவரின் பொறுமையைத்தான். பின்னால் வரும் சீடன் ஸ்டீவுக்குக் கடைசிவரை வாய்க்காததும் அதுவே. அதை ஓட்டிவிட்டுப் பார்த்த நீங்கள், கவனியுங்கள், ஸ்டீவின் கட்சி.

ஏன் சேர்த்தார் என்பதற்கான விடை படத்திலேயே இருக்கிறது. மாத்திரை விழுங்கி வாழும் மனிதர் அவர். மீன் காட்சியகத்தில், கூட்டத்தின் நடுவே, மயங்கி விழுகிறார். காதலியாக நடிக்க ஒரு பெண்ணுக்குப் பணம் கொடுக்கிறார். அவள் எழுதிவைத்திருக்கும் காதல் கடிதமும் அந்தக் கூலியில் சேர்த்தி. திரைக்கதை எழுதிய லூயிஸ் ஜான் கார்லினோ பிஷப், ஸ்டீவ் இருவரின் உறவையும் முதலில் காதலாகவே எழுதியிருந்தார், படமானபோது அது இல்லாமல் போனது என்பதையும் சேர்த்துக்கொண்டால் உங்கள் குழப்பம் தீர்ந்துவிடும்.

பழிவாங்கல் விஷயத்தில்தான் உங்களோடு சண்டை. மறு ஆக்கத்தில் தந்தையைக் கொன்றவர் யாரென்று மகனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே கொல்லத் துணிகிறான். நியாயமான மகன். பழைய படத்தின் ஸ்டீவுக்கு அது தெரியவே தெரியாது. நேப்பிள்ஸில் நஞ்சு கலந்த மதுவைக் குடித்துவிட்டுச் சாகும் பிஷப், தந்தைக்காகவா என்று கேட்கும்போதுதான், தந்தை இயல்பாகச் சாகவில்லை என்பதே அவனுக்குத் தெரியவருகிறது. எல்லோருக்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு என்று சொல்லிக்கொடுத்தவரிடமே, தனியாக நிற்க முடியாததுதான் உங்கள் பலவீனம் என்று சொல்லிக் காட்டுகிறான். முன்பு ஒரு பெண் மணிக்கட்டை அறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவளது எடைக்கு எவ்வளவு நேரம் தாங்குவாள் என்று பிஷப் நிதானமாக விளக்கினாரே, அந்தக் குரலை அவன் மறக்கவில்லை. பழி என்று ஒரு காரணத்தைக் கொடுத்தவுடன் ஆசானுக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது. தான் வளர்த்த ஒன்றின் கையால் சாகாமல், எப்போதோ செய்த ஒரு குற்றத்துக்குக் கணக்குத் தீர்ப்பவராக அவர் மாறிவிடுகிறார். அதைத்தான் பொருத்தம் என்கிறீர்கள்.

பத்தாம் வகுப்பு விடுமுறையில் இரண்டு மாதம் நான் ஓர் இருசக்கர வாகனப் பட்டறையில் இருந்தேன். மேஸ்திரி வண்டியிலிருந்து முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவார். பத்துக்குப் பதினொன்றா, பன்னிரண்டுக்குப் பதிமூன்றா என்று நான்தான் கண்டுபிடித்து ஸ்பேனரை உள்ளங்கையில் வைக்க வேண்டும். தவறானதை வைத்தால் திட்டமாட்டார். விரல்களை விரித்து அதைக் கீழே விழவிடுவார், அவ்வளவுதான். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுவதை அரைகுறையாகவே கற்றேன். ஆனால் பழைய பிளக்கை உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டிவிட்டு, புதியதென்று காசு வாங்கும்போது வண்டிக்காரரின் கண்ணைப் பார்த்துச் சிரிப்பது எப்படி என்பதை முழுமையாகக் கற்றுக்கொண்டேன். அதை அவர் ஒருநாளும் சொல்லித்தரவில்லை. ஒரு மாலை அவர் கல்லாவிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அதே சிரிப்போடு “வர்றேண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்மீது எனக்கு எந்தக் கோபமும் இருக்கவில்லை.

ஊர் திரும்பிய ஸ்டீவ் ஏறும் காரில் அவனுக்கொரு குறிப்பு காத்திருக்கிறது. வெடிக்க 13 நொடிகள். இத்தாலிக்குப் புறப்படுவதற்கு முன்பே பிஷப் அதை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். சீடன் யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்துகொண்டே அவனோடு மது அருந்த உட்கார்ந்தார்.

என் மேஸ்திரியும் கல்லாவை எண்ணித்தான் வைத்திருந்தார் போலும். மறுநாள் காலை நான் போனபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. கையையும் நீட்டவில்லை, ஸ்பேனர் பெட்டி அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.