பழைய பிக்கப்புக்கு எலெக்ட்ரிக் ஃபேன்

கேள்வி: எனது பழைய டீசல் பிக்கப்பில், என்ஜின் பெல்ட்டால் சுழலும் ரேடியேட்டர் ஃபேனை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் பொருத்தலாமா? — வாசகர், ஓசூர்

பதில்: பொருத்தலாம்; ஆனால் என்ஜின் சூடேறுவதால்தான் மாற்ற நினைக்கிறீர்கள் என்றால், முதலில் பழைய ஃபேனின் விஸ்கஸ் கப்ளிங் (சூட்டுக்கேற்ப ஃபேனை என்ஜினோடு இணைக்கும் பாகம்) பழுதாகியிருக்கிறதா என்று பாருங்கள். எலெக்ட்ரிக் ஃபேனை ரேடியேட்டரின் பின்புறம், அதன் முழுப் பரப்பையும் மூடும் ஷ்ரவுடுடன் (காற்றை ஃபேனுக்கு வழிநடத்தும் உறை) பொருத்துவதே நல்லது. ஷ்ரவுடு இல்லாவிட்டால், பெரும்பாலும் விசிறிக்கு நேரே உள்ள வட்டத்தின் வழியாகவே காற்று இழுக்கப்படும். பிளாஸ்டிக் டையை (கட்டும் பட்டையை) ரேடியேட்டருக்குள் செருகி ஃபேனைக் கட்டும் வழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அதிர்வில் உரசி உரசிக் குழாயே ஓட்டையாகலாம். பெரிய ஃபேன் 12 வோல்ட்டில் 20 முதல் 30 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால், தனி ஃபியூஸ், 40 ஆம்பியர் ரிலே (அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் மின் சுவிட்ச்), தடித்த ஒயர், வெப்பநிலை சுவிட்ச் ஆகியவை கட்டாயம் வேண்டும். ஹெட்லைட்டை எரியவிட்டு, ஃபேன் ஓடும்போது ஐட்லிங்கில் பேட்டரி வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் கூடுதல் திறனுள்ளதாகத் தேவைப்படலாம்.