மாட்டளவு எலிக்குப் பல் எதற்கு?

கேள்வி: மாடு அளவு எலி ஒரு காலத்தில் இருந்ததாமே, சார்? அத்தனை பெரிய பல்லை வைத்து என்ன செய்தது?

பதில்: இருந்தது. நேர் எலி அல்ல, எலியைப்போல் கொறிக்கும் விலங்கு. பெயர்தான் வாயில் நுழையாது: ஜோசஃபோஆர்டிகாசியா மொனேசி. உருகுவேயில் கிடைத்த அதன் மண்டையோடு 53 சென்டிமீட்டர், 2008-இல் விவரித்தார்கள். எடை ஒரு டன் என்றார்கள் முதலில். பிறகு வந்த கணக்குகள் அதை அரை டன்னுக்கும் கீழே இறக்கிவிட்டன. மண்டையை வைத்து எடை சொல்வதில் எனக்கு எப்போதுமே அரை நம்பிக்கைதான்.

பல்லுக்கு வருவோம். சாதாரண எலியின் மண்டையோட்டை ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். முன்பல்லின் முன்பக்கம் மட்டும் மஞ்சளாக, கெட்டியான எனாமல். பின்பக்கம் அதைவிட மென்மையான டென்டின், அதாவது பல்லின் உட்பொருள். கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் சீக்கிரம் தேயும், முன்விளிம்பு உளி போல நிற்கும். தேய்ந்ததை ஈடுகட்டப் பல் சாகும்வரை வளரும். வேர் தாடைக்குள் வளைந்து வெகுதூரம் ஓடுகிறது. மண்டையின் வடிவமே அதற்கு இடம்விட்டு அமைந்ததுதான்.

நம் பெரியவருக்கும் இதே ஏற்பாடு. ஆனால் 2015-இல் கணினியில் சோதித்தபோது, தாடைத் தசைகள் தரும் விசையைவிட மிக அதிகமாக அந்த முன்பற்கள் தாங்கும் என்று தெரிந்தது. ஆக, கடிக்க மட்டுமல்ல. யானை தந்தத்தைப்போல மண்ணைக் கிளறவோ, சண்டை போடவோ பயன்பட்டிருக்கலாம்.