ரப்பர் படகும் எதிர்க்காற்றும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறையும் பாதிக் கடிதங்கள் அழுத்தம் பற்றித்தான். கேஜ் (அழுத்தமானி) வாங்காமல் கடிதம் எழுதுவதை எப்போது நிறுத்தப்போகிறீர்களோ!

கே: காலையில் 3 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடித்தேன். மதியம் படகின் டியூப் கல் மாதிரி இருக்கிறது. பம்ப் கோளாறா?

பம்ப் பாவம், வெயில்தான் காரணம். வெளிக்காற்றின் அழுத்தமான 15-ஐயும் சேர்த்தால் உள்ளே இருப்பது 18. சூடு 20 டிகிரி ஏறினால் அது 7 சதவீதம் கூடும்; கேஜில் 4-ஐத் தாண்டிக் காட்டும். கரையில் நிறுத்தினால் கொஞ்சம் காற்றை விடுங்கள். குளிர்ந்த நீரில் இறக்கியதும் குறையும், அப்போது மறுபடி அடியுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதெல்லாம் அளவு ஆகாது.

கே: காற்றடைத்த படகில் பாய் கட்டும் யோசனை முதலில் யாருக்கு வந்தது?

"முதலில்" என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 1840களில் பீட்டர் ஹால்கெட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, போட்டிருக்கும் மேலங்கியையே ஊதிப் படகாக்கும்படி செய்தார். பாய்க்குக் குடை! ஆர்க்டிக் பயணி ஜான் ரே இந்தப் படகுகளில் ஒன்றை ஆறு கடக்கப் பயன்படுத்தினார். 1867இல் மூன்று ரப்பர் உருளைகள் மேல் பாய் கட்டிய 'நான்பரேல்' என்ற மிதவை, மூன்று பேரோடு நியூயார்க்கிலிருந்து சவுத்தாம்ப்டன் வந்து சேர்ந்தது.

கே: படகுத் துணி பிவிசி பிளாஸ்டிக்கா, ஹைபலான் ரப்பரா?

வெயிலிலேயே கிடக்கும் படகுக்கு ஹைபலான். மடித்து வீட்டுக்குள் வைப்பவருக்கு பிவிசி போதும்.

கே: பொம்பார் சாதாரண ரப்பர் படகில் அட்லாண்டிக்கையே கடந்தார். என் சின்ன டிங்கிப் படகில் ஒரு கழி நட்டுப் பாய் கட்டினால் போதாதா? டேகர்போர்டு (படகின் நடுவே நீருக்குள் இறக்கும் பலகை), பிரேம் எல்லாம் எதற்கு?

இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. எரிச்சலும் தவறாமல் வருகிறது. அலான் பொம்பார் 1952 அக்டோபரில் ஜோடியாக் கம்பெனியின் நாலரை மீட்டர் படகில் கேனரித் தீவுகளிலிருந்து கிளம்பி, 65 நாள் கழித்து பார்படோஸில் கரையேறினார். வாணிபக் காற்று பின்னாலிருந்து தள்ளிய பாதை அது. பாய் ஆரம்பத்திலேயே கிழிந்தது. மாற்றுப் பாயைக் காற்று பறித்துக்கொண்டு போக, கிழிந்ததையே தைத்துக் கட்டினார். வழியில் ஒரு கப்பலைச் சந்தித்தபோதுதான், நினைத்த இடத்துக்குப் பல நூறு மைல் பின்னால் இருப்பது தெரிந்தது. உடம்பில் 25 கிலோ போயிற்று. கடலில் தத்தளிப்பவன் உயிர் பிழைக்கலாம் என்று காட்டப் போன மருத்துவர் அவர். உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கு அவர் சாட்சி அல்ல.

அடி மட்டமான டிங்கிக்கு நீரில் பிடிப்பே கிடையாது. பக்கக் காற்றில் முன்னே போவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் நழுவும். அதைத் தடுக்கத்தான் டேகர்போர்டு, இல்லையென்றால் இரு பக்கமும் நீருக்குள் தொங்கும் லீபோர்டு பலகைகள். அடுத்தது பாய்மரம். மரம் அடியில் அமுக்குகிறது, பக்கக் கயிறுகள் விளிம்பை மேலே இழுக்கின்றன. டியூப் வளைந்து கொடுத்தால் கயிறு தளர்ந்து மரம் சாயும், பாயின் வடிவம் கெடும். காற்று கசியாத துணி ஹால்கெட் காலத்திலேயே கிடைத்துவிட்டது; கிடைக்காதது விறைப்பு. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இந்த விறைப்போடு மல்லுக்கட்டியதுதான். ஆகவே தரைப்பலகையில் ஓட்டை போட்டுக் கழி நடாதீர்கள். கரையிலிருந்து கடல் பக்கம் வீசும் காற்றில் கிளம்பினால், அந்தப் படகில் திரும்பி வர வழியில்லை.

கே: டிராப்-ஸ்டிட்ச் என்பது விற்பனைப் பேச்சுதானே?

இல்லை. காற்றறையின் மேல்துணியையும் கீழ்த்துணியையும் உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடிக்கின்றன. அதனால் 10 பிஎஸ்ஐ அடித்தாலும் உப்பாமல் பலகை மாதிரி நிற்கும். நுட்பம் பழசு, 1950களில் குட்இயர் இதே முறையில் ஊதும் விமானமே செய்து பறக்கவிட்டது. பாய்மரப் படகில் இது நன்றாகப் பலித்தது 2010களில். பிரான்சின் டிவால் படகு அப்படிப்பட்டது: 3 மீட்டர் சொச்சம், 50 கிலோ, நீரைக் கிழிக்கும் 'வி' அடி. ஆனாலும் மரத்தின் சுமையைத் தாங்குவது வெளியே பூட்டிய அலுமினியப் பிரேம்தான். இரட்டை டியூப் படகுகளான காற்று கேட்டமரான்களிலும் இரண்டு டியூபுக்கும் நடுவே உள்ள பிரேம்தான் உயிர். இதற்கும் கேஜ் வேண்டும். 10-ஐக் கை சொல்லாது.

கே: படகில் காற்று இறங்குகிறது. என்ன செய்ய?

எந்த அறை, எத்தனை மணி நேரத்தில் என்று ஒன்றும் எழுதவில்லை. நான் ஜோசியமா பார்க்க? சோப்புத் தண்ணீரை முதலில் வால்வில் தடவுங்கள், பிறகு ஒட்டுகளில். வால்வில் குமிழி வந்தால் மணலைத் துடைத்துவிட்டு இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு சரியாகிவிடும்.

கே: ஈரத்தோடு மடிக்கலாமா?

கூடாது.