அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசியில் வேலை போனவர்களுக்காகக் குரல் கொடுத்து என்ன பயன்?

"அரசே வேலையை விட்டுத் தூக்கிய பிறகு, குரல் கொடுத்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் ஆகியிருக்கிறது.

2025 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க சுகாதாரத் துறையில் சுமார் 10,000 பேருக்கு ஆட்குறைப்பு நோட்டீஸ் வந்தது. சிலருக்கு விஷயம் தெரிந்ததே, வாசலில் அடையாள அட்டையைக் காட்டியும் கதவு திறக்காதபோதுதான்! அந்தத் துறையின் கீழ் இயங்கும் சிடிசியில், குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் சேர்வதைத் தடுக்கும் பிரிவே காலி. அந்த நேரம் பார்த்து அமெரிக்க நகரமான மில்வாக்கியில் பழைய பள்ளிக் கட்டடங்களின் ஈய பெயின்ட் உரிந்து பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். நகரம் சிடிசியிடம் உதவி கேட்டது, அனுப்ப ஆளில்லை.

சம்பளம் போன கதையைவிட இந்தக் கதைதான் மக்களிடம் எடுபட்டது என்பது என் கணிப்பு. தொழிற்சங்கங்களும் சில மாநிலங்களும் நீதிமன்றம் போயின. ஜூனில் சிடிசியின் 400-க்கும் மேற்பட்டோரை அரசு திரும்ப அழைத்தது. ஈயப் பிரிவினரும் அதில் உண்டு.