எச்சம் கரையேறும் வழி: துருவ மண் பற்றி வாசகர் கேள்விகள்

அண்டார்க்டிகாவில் மண் என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது, கோடையில் பனி விலகும் கரையோரத் துண்டுகளில். குளிரில் நுண்ணுயிர்கள் மந்தமாக வேலை செய்வதால் அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) அரிது. பென்குயின் கடலில் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரைத் தின்கிறது, கரையில் எச்சமிடுகிறது. கடலின் தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இப்படித்தான் கரையேறுகின்றன.

அப்படியானால் பென்குயின் கூட்டம் இருக்குமிடம் பச்சைப்பசேலென்று இருக்க வேண்டாமா? படங்களில் சேறுதானே தெரிகிறது?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். வேரடியில் யூரியாவை அள்ளிக் கொட்டினால் பயிர் கருகுமல்லவா, அதே கதைதான். போதாததற்கு ஆயிரக்கணக்கான கால்களின் மிதி வேறு. கூட்டத்தின் ஓரத்துக்கு வாருங்கள். பிரசியோலா என்ற பச்சைப்பாசி, கசங்கிய கீரைபோல ஈரத்தரையில் ஒட்டிக் கிடக்கும். எச்சத்திலுள்ள யூரிக் அமிலம் சிதைந்து அம்மோனியாவாகிக் காற்றேறுகிறது. பென்குயின் கால் படாத தொலைவிலுள்ள பாசிமெத்தைகளும் லைக்கன்களும் (பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர்கள்) அதைப் பிடித்துக்கொள்கின்றன.

வாடை அடிக்குமா?

கப்பல் நெருங்கும்போதே மூக்கு சொல்லிவிடும். அண்டார்க்டிகாவிலுள்ள அர்ஜென்டினாவின் மராம்பியோ ஆய்வு நிலையத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டரில் 60,000 அடேலி பென்குயின்கள் கூடுகின்றன. அந்தப் பக்கத்துக் காற்று வீசியபோது அம்மோனியா வழக்கத்தைவிட 1,000 மடங்குக்கும் மேல் ஏறியது என 2025-ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

ஆர்க்டிக்கிலும் இப்படியா?

ஆம். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் சிறிய ஆக் என்ற கடற்பறவைகள் மலைச்சரிவுக் கற்குவியல்களில் கூடு வைக்கின்றன. அவற்றின் கீழ்ச்சரிவு மட்டும் பளிச்சென்று பச்சையாக இருக்கும். கலைமான்கள் அங்கே மேய வருகின்றன.

பறவைகள் போய்விட்டால் மண் என்னவாகும்?

தழைச்சத்து ஓடுகாலி, காற்றோடும் பனிநீரோடும் போய்விடும். மணிச்சத்து குடித்தனக்காரன். கைவிடப்பட்ட பழைய பென்குயின் குடியிருப்புகளில் நூற்றாண்டுகள் கழிந்தும் அது தங்கியிருக்கிறது.

அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளை (ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே) பாருங்கள். விலங்குகளின் ரோமத்தோல் விற்கும் வியாபாரிகள் அங்கே நரிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். நரிகள் கடற்பறவைகளைத் தீர்த்துக்கட்டின. நரியில்லாத தீவுகளில் சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 362 கிராம் எச்சம் விழ, நரித்தீவுகளில் 6 கிராம்கூட இல்லை. செழித்த புல்வெளி குறும்புதர்க் காடாகத் தேய்ந்தது. நரி புல்லைத் தொடக்கூட இல்லை. 1949 முதல் நரிகளைத் தீவு தீவாக அகற்றி வருகிறார்கள்; சில இடங்களில் பறவைகள் திரும்பியிருக்கின்றன.