பேசின் பிரிட்ஜில் மீண்டும் தொடங்கும் ஜெபம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 31. பெரம்பூரில் வசிக்கிறேன். அப்பா ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ரயில் பெட்டிகளைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கணவர், மாமியார், ஐந்து வயது மகன். பரம்பரையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். 17 வயதில் ஒரு வாலிபர் முகாமில் அழுது, ஆண்டவருக்கு என்னை ஒப்புக்கொடுத்தேன். அந்தத் தேதியை வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பதின்மூன்று வருடங்கள் அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

போன வருடம் ஓர் உபவாசக் கூட்டத்தில் மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில் இருந்து செய்தி. “கர்த்தாவே, கர்த்தாவே என்று சொல்லிக்கொண்டே நரகத்துக்குப் போகிறவர்கள் இந்த மண்டபத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களைச் சோதித்துப் பாருங்கள்” என்றார் செய்தியாளர். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முகாமில் நான் அழுதது உண்மையான மனந்திரும்புதலா, பக்கத்தில் இருந்த பெண்கள் அழுததைப் பார்த்து வந்த அழுகையா? எழுந்து மறுபடியும் ஒப்புக்கொடுத்து ஜெபித்தேன். காலையில் அந்த ஜெபத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. ஒரு டைரியில் தேதி போடத் தொடங்கினேன். இதுவரை 41 தேதிகள்.

இப்போது ரயிலிலும் அதே நிலைமைதான். பெரம்பூரில் ஏறியதும் ஆரம்பிப்பேன். சென்ட்ரல் வருவதற்குள் மனம் சிதறாமல் முடித்துவிட வேண்டும். வியாசர்பாடி ஜீவாவில் ஏதாவது ஓர் எண்ணம் குறுக்கிட்டால், பேசின் பிரிட்ஜில் முதலிலிருந்து தொடங்குவேன். சில நாட்களில் பரிசுத்த ஆவியானவரைப் பற்றி வாயால் சொல்ல முடியாத ஒரு கெட்ட வார்த்தை மனதில் வந்து விழுகிறது. மன்னிப்பே இல்லாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று கை கால் நடுங்குகிறது.

நான்கு மாதமாக ஆராதனையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை எடுக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிப் பின்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறேன். இரவில் கணவரிடம், “நான் இரட்சிக்கப்பட்டிருக்கிறேன்தானே?” என்று கேட்பேன். “ஆமாம்மா” என்பார். அரை மணி நேரம் நிம்மதி. ஜெபக்குழுவில் மூத்த சகோதரி ஒருவரிடம் சொன்னேன். “விசுவாசக் குறைவு, இன்னும் ஆழமாக ஆராய்ந்து பார்” என்றார். ஆராய்ந்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. போன வாரம் ஜெபத்தை முடிக்காமல் எழுந்திருக்க முடியாமல் பிளாட்பாரத்து பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். மகனின் பள்ளிக்குப் போனபோது மற்ற பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். அவன் காவலாளியின் நாற்காலியில், தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நீங்களும் விசுவாசி என்று கேள்விப்பட்டேன். ஒரே வரியில் சொல்லுங்கள் அம்மா. நான் இரட்சிக்கப்பட்டிருக்கிறேனா, இல்லையா?

— பெரம்பூர் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்கும் அந்த ஒரு வரியை நான் எழுதப்போவதில்லை. இரக்கம் இல்லாமல் இதைச் சொல்லவில்லை. “ஆம்” என்று எழுதினால் அரை மணி நேரம் நிம்மதியாக இருப்பீர்கள். பிறகு, “அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேனா, எதையாவது மறைத்துவிட்டேனா?” என்று தோன்றும். உங்கள் கணவர் சொல்லும் “ஆமாம்மா” தேய்ந்துபோனதுபோல என் வரியும் ஒரே வாரத்தில் தேய்ந்துபோகும்.

கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் வைப்பது முறையல்ல. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதில் நான் பார்ப்பது விசுவாசக் குறைவை அல்ல. எண்ணச் சுழற்சி நோயின் தடத்தைப் பார்க்கிறேன். மருத்துவர்கள் ஓ.சி.டி. என்பார்கள். கேஸை அணைத்துவிட்டோமா என்று பத்து முறை போய்ப் பார்ப்பவருக்கும், கை சிவக்கும் வரை கழுவுபவருக்கும் வருவது இதுதான். விரும்பாத ஓர் எண்ணம் வருகிறது, அது பயத்தைக் கிளப்புகிறது. பயத்தை அடக்க ஒரு சடங்கைச் செய்கிறோம். கொஞ்ச நேரம் அடங்குகிறது. அந்த அடங்கலே அடுத்த சுற்றுக்குத் தீனி. உங்களுக்கு அந்தச் சடங்கு ஜெபத்தின் உருவில் வந்திருக்கிறது. அதனால்தான் வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஜெபிக்கிற பெண்ணைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

திருச்சபைக்கு இது புதிதல்ல. இந்த ஓயாத மனச்சாட்சிக் கலக்கத்துக்கு மேற்கத்தியச் சபை வைத்த ‘ஸ்குருபுலாசிட்டி’ என்ற பெயர், கூர்மையான சிறு கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. செருப்புக்குள் புகுந்த கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், ஜெர்மனியின் எர்ஃபுர்ட் மடத்தில் இளம் துறவியாக இருந்தபோது மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்வார். எழுந்து வந்த பிறகு விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வந்துவிடும். அவருக்கு வழிகாட்டிய ஸ்டௌபிட்ஸ், உன்னையே பார்த்துக்கொண்டிருக்காதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நம் வீடுகளில் ‘மோட்சப் பிரயாணம்’ என்று வாசிக்கப்படும் கதையை எழுதிய ஜான் பன்யனின் அனுபவம் உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. “கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு” என்ற எண்ணம் ஏறக்குறைய ஒரு வருடம் அவரை விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும், குண்டூசியை எடுக்கக் குனிந்தாலும் அதே குரல்தான். ஆயிரம் உலகங்களைக் கொடுத்தாலும் விற்கமாட்டேன் என்று அவர் மூச்சிரைக்கப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். பதில் சொல்லச் சொல்ல அந்தக் குரல் ஓய்ந்துவிடவில்லை. உங்கள் பேசின் பிரிட்ஜ் எனக்கு இதைத்தான் நினைவூட்டியது.

அந்தக் கெட்ட வார்த்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1978-இல் ராக்மன், பத்மால் டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள், எந்த மனநோயும் இல்லாதவர்களிடம் விசாரித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு இப்படிப்பட்ட வேண்டாத எண்ணங்கள் வந்து போவது தெரிந்தது. மற்றவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் ஆண்டவரை நேசிப்பதால் உங்களுக்கு அது சுடுகிறது. மாற்கு 3-இல் இயேசு மன்னிப்பில்லாத பாவத்தைப் பற்றிப் பேசிய உடனே, எதனால் அப்படிச் சொன்னார் என்பதையும் சுவிசேஷகர் எழுதிவிடுகிறார். இயேசு அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறார் என்று வேதபாரகர் தெரிந்தே சொன்னார்கள். நடுங்கிக்கொண்டு வந்த யாரைப் பற்றியும் அங்கே பேச்சில்லை. மத்தேயு 7-இல் தள்ளப்படுகிறவர்களும், தீர்க்கதரிசனம் உரைத்தோம், பிசாசுகளைத் துரத்தினோம் என்று சாதனைப் பட்டியலோடு வந்தவர்கள்தான்.

இனி, உங்களைச் சோதித்துப் பார்க்கச் சொன்ன வசனம். உங்களை நான்கு மாதம் பின்வரிசையில் உட்கார வைத்தது அதுதான். 1 கொரிந்தியர் 11:28-ஐ முழுதாக வாசியுங்கள்: “எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்.” அந்த வாக்கியம் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். சோதித்தறிந்தவன் விலகி உட்காரக்கடவன் என்று பவுல் எழுதவில்லை, புசிக்கக்கடவன் என்றார். அடுத்த வசனத்தில் வரும் “அபாத்திரமாய்” என்ற சொல், சாப்பிடுகிற விதத்தைச் சொல்கிறது. கொரிந்து சபையில் வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் வெறித்திருந்தான். கண்டனம் அதற்கு. தகுதி உள்ளவர்கள் மட்டும்தான் வர வேண்டும் என்றால் அந்த மேசையை ஆண்டவர் யாருக்காக விரித்தார்?

உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு பெட்டியைச் சோதித்து முடித்தால் கையெழுத்துப் போட்டுத் தண்டவாளத்துக்கு அனுப்புவார்கள். கையெழுத்துப் போட்ட பெட்டியை மறுபடியும் மறுபடியும் உள்ளே இழுத்து வந்து கழற்றினால் அது எப்போது ஓடும்? வேதம் சொல்லும் சோதனை குறிப்பானது, முடிவு உள்ளது. இன்னாரிடம் இப்படிப் பேசினேன், அது தவறு, மன்னியும், நாளை போய்ச் சரிசெய்கிறேன் என்று சொல்லி எழுந்துவிடலாம். நீங்கள் செய்வதில் குறிப்பான பாவம் எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் உணர்வு போதுமான அளவு உண்மையா என்று அளக்கிறீர்கள். அதை அளக்க யாரிடமும் கோல் கிடையாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். அந்தப் பெயரையே கேலிப் பேச்சாக்கிவிட்ட ஊர் இது, அதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. 1794-இல் தொடங்கி எத்தனையோ பேரின் வலியைத் தாங்கிய மருத்துவமனை அது. போவதற்குத் தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் அந்த நிமிடமே கூப்பிடுங்கள், கணவரையும் எழுப்புங்கள். மருந்து கொடுத்தால் முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் வரை ஆகலாம், இடையில் நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அவர்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

மருந்தோடு ஒரு பயிற்சியும் உண்டு. பயம் வரும் இடத்திலேயே இருந்துகொண்டு, சடங்கைச் செய்யாமல் விடப் பழகுவது. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் எழுதிய முறை, இன்றும் முதல் வரிசைச் சிகிச்சை. பயிற்சி பெற்றவரின் துணையோடு செய்யுங்கள். உங்களுக்கு அது இப்படி இருக்கும்: ஜெபம் பாதியில் சிதறினால் சிதறியபடியே விட்டுவிட்டு சென்ட்ரலில் இறங்குவது. ஆமென்கூடச் சொல்ல வேண்டாம். முதல் நாட்களில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொண்டே அலுவலகத்துக்கு நடந்து போங்கள். டைரியைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். இரவில் நீங்கள் கேட்கும்போது அவர், “இந்தக் கேள்விக்கு இனி பதில் சொல்லமாட்டேன், வா, பக்கத்தில் உட்கார்” என்று மட்டும் சொல்லட்டும். அவருக்கு இது கஷ்டமாக இருக்கும். இந்தப் பகுதியை அவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

உங்கள் ஆயரிடமும் சொல்லுங்கள். அடுத்த திருவிருந்து ஆராதனையில் சபையோடு சேர்ந்து பொதுப் பாவ அறிக்கையை ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு முன்னால் போங்கள். சந்தேகம் தீர்ந்த பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். தோமாவின் பெயரைத் தாங்கிய மலை இருக்கிற ஊரில் நாம் குடியிருக்கிறோம். ஆண்டவர் உயிர்த்தெழுந்ததை நம்பமாட்டேன் என்று சொல்லி எட்டு நாள் ஆன பிறகும் அவர் மற்றச் சீஷர்களோடு வீட்டுக்குள்தான் இருந்தார். யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. பூட்டிய கதவுகளைக் கடந்து வந்த ஆண்டவர், எல்லாருக்கும் சமாதானம் சொன்னதும் அவரிடம்தான் பேசினார்.

இந்தப் பதிலில் வசனங்களை எழுதியிருக்கிறேன். பயம் வரும்போதெல்லாம் இதை எடுத்துப் படித்தால் இதுவும் 42-ஆவது தேதியாகிவிடும். ஒரு முறை படித்து மடித்து வையுங்கள்.

மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். எத்தனை முறை ஜெபித்தீர்கள் என்ற கணக்கு எனக்கு வேண்டாம். உங்கள் மகன் பள்ளி விட்டு வரும்போது என்ன பேசுகிறான், எந்த விளையாட்டு அவனுக்குப் பிடிக்கும் என்று எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் அவனுக்கு அந்த நாற்காலி ஒன்றுதான் கிடைத்திருக்கிறது.